எண்ணிக்கையும் ஆயுளும்

எமது கல்லூரி அன்னையின் விழா மலருக்கு ஒரு கட்டுரை வரைந்து தருதல் வேண்டுமென மலர்க்குழுவினர் கேட்டபோது யாம் சிறிது தயங்கினோம். மைதானத்து வெற்றிகளை எழுதுவதற்கு யாம் விளையாட்டு வீரரல்லோம். அதிபர்களின் பெருமையை எழுதுவதற்கு எம்மிலும் தகுதி வாய்ந்தோர் பலர் உளர். எமக்குத் தெரிந்த தொழில் ஒன்றே: நோயாளரின் உடலிலிருந்து அகற்றிய இழையத்தை மெல்லிய சீவலாக்கி, நிறமூட்டி, நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்துப் பார்த்து, இன்ன நோய் என்று உரைத்தல். அத்தொழிலிலே யாம் செய்த தவறு ஒன்றுண்டு. அதனைச் செய்யாதிருக்கும்படி எமது கல்லூரி ஆய்வுகூடத்திலேயே எமக்கு ஒரு பாடம் புகட்டப்பட்டிருந்தது. யாம் அதனை மறந்தோம். அக்கதையையே இங்கு எழுதத் துணிந்தோம்.

அது 1966 ஆம் ஆண்டு. உயர்தர வகுப்பிலே விலங்கியல் பயின்ற யாம், இருவருக்கு ஒரு நுணுக்குக்காட்டியாக வாங்குகளில் அமர்ந்திருந்தோம். எம் அருகில் இருந்தவர் எம் உயிர்த்தோழர். அவர் பெயரை இங்கு எழுதாது விடுகின்றோம். ஈரத்துணியிற் சுற்றிய தவளையொன்றின் பின்னங்கால் விரலிடைச் சவ்வைக் கண்ணாடிமேல் விரித்து வைத்து, அதனூடு குருதி ஓடுவதைக் காட்டினார் எமது ஆசான். ஒடுங்கிய ஒழுங்கையிலே தேர்த்திருவிழாக் கூட்டம் நெருக்குண்டு செல்வது போல, செங்கலங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மயிர்க்குழாய்களினூடு சென்ற காட்சி இன்றும் எம் கண்முன் நிற்கின்றது. 1628 இல் குருதிச் சுற்றோட்டத்தை நிறுவிய வில்லியம் ஹாவி, நாடியிலிருந்து நாளத்துக்குக் குருதி எவ்வழிச் செல்கின்றது என்பதைக் கண்ணாற் காணவில்லை என்றும், 1661 இல் மாசெல்லோ மல்பீகி என்னும் இத்தாலியரே தவளையின் நுரையீரலில் அந்நுண்ணிய வழியைக் கண்டார் என்றும் ஆசான் விளக்கினார்.

பின்னர், பார்வைப் புலத்திலே தெரியும் மயிர்க்குழாய்களை எண்ணுமாறு பணித்தார். யாம் 9 என்றோம். தோழர் 14 என்றார். தவளையும் ஒன்று, நுணுக்குக்காட்டியும் ஒன்று. எவருடைய விடை சரியென்று இருவரும் வாதிட்டோம். ஆசான் முறுவலித்து, "இரண்டும் சரிதான். நீர் பார்த்த இடம் ஒன்று, அவர் பார்த்த இடம் இன்னொன்று. தவளையை ஒருவரும் எண்ணவில்லை. அவரவர் தமக்குப் பிடித்த இடத்தைத்தான் எண்ணினீர்கள்" என்றார். வகுப்பு சிரித்தது. மணியும் அடித்தது.

காலம் எம் இருவரையும் கடல் கடந்து கொண்டுசென்றது. யாம் பேராதனையிலே மருத்துவம் கற்று, 1970களின் இறுதியில் இங்கிலாந்து சென்று நோயியல் துறையில் அமர்ந்தோம். தோழர் பொறியியலாளராகி இலண்டனிற் குடியேறினார். எமது மேசைக்கு வந்த இழையங்களிற் பெரும்பங்கு, நுரையீரற் புற்றுநோய்க்காகச் சத்திரசிகிச்சையால் அகற்றப்பட்டவை.

இந்நோயைக் கத்தியால் வெல்லலாம் என்ற நம்பிக்கை மிகப் பழையதன்று. 1933 ஏப்பிரலில், அமெரிக்காவின் சென் லூயிஸ் நகரில், இவாட்ஸ் கிரகாம் என்னும் சத்திரசிகிச்சை நிபுணர் புற்றுநோய் கண்ட ஒரு பக்க நுரையீரலை ஒரே அமர்வில் முற்றாக அகற்றினார். அந்நோயாளரும் ஒரு வைத்தியரே. அவர் அதன்பின் ஏறக்குறைய 30 ஆண்டுகள் வாழ்ந்தார். நெடுங்காலம் புகைத்தவரான கிரகாம், 1950 இல் ஏர்ண்ஸ்ட் வைண்டருடன் சேர்ந்து புகைத்தலுக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பை உலகுக்கு உரைத்தார். 1957 இல் அதே நோயால் இறந்தார். நோயாளர் வாழ, வைத்தியர் முந்திச் சென்றார். இவ்வரலாற்றை யாம் மாணவர்க்குப் பலமுறை கூறியிருக்கின்றோம். ஆயின் அதன் பொருளை எமக்கே நாம் கூறிக்கொண்டதில்லை.

சத்திரசிகிச்சை பெற்ற நோயாளர் அனைவரும் கேட்பது ஒரே கேள்வியை: "இனித் திரும்பி வருமா?" கட்டி சிறிது, நிணநீர்க்கணுக்கள் சுத்தம், வெட்டுவாய் சுத்தம் என்று யாமே அறிக்கை எழுதிய இருவரில், ஒருவர் பேரப்பிள்ளைகளைக் கண்டு மூப்படைந்து இறப்பார். மற்றவர் இரண்டாண்டுக்குள் மூளையிலோ என்பிலோ நோய் பரவித் திரும்பி வருவார். கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றிய இரு கட்டிகளுள் வேறுபாடு எங்கே இருந்தது? இதுவே எம்மை இரவு பகலாக அலைத்த வினா.

விடை குருதிக்குழாயில் உண்டென்று கூறியவர் யூடா போக்மன். 1960களின் தொடக்கத்தில் அமெரிக்கக் கடற்படையிற் சேவை செய்தபோது, அவரும் பிரெடெரிக் பெக்கரும், முயலின் தைரொயிட்டுச் சுரப்பியைக் கண்ணாடிக் கலமொன்றில் வைத்து, ஈமோகுளோபின் கரைசலை அதனூடு பாய்ச்சி உயிருடன் பேணினர். அதில் இட்ட புற்றுநோய்க் கலங்கள் 1 அல்லது 2 மில்லிமீற்றர் வரை வளர்ந்து நின்றுவிட்டன. அவற்றை எடுத்து உயிருள்ள சுண்டெலியில் இட்டபோது கடுகி வளர்ந்தன. சுண்டெலியில் புதிய குருதிக்குழாய்கள் கட்டியை நோக்கி முளைத்தன. கண்ணாடிக் கலத்துள் முளைக்கவில்லை. குருதிக்குழாயிலிருந்து ஒட்சிசன் ஊறிச் செல்லும் தூரம் ஒரு மில்லிமீற்றரின் சிறு பங்கே. ஆகவே கட்டி பெருக வேண்டுமாயின் தனக்கென வாய்க்கால் வெட்டிக்கொள்ள வேண்டும். தோட்டக்காரன் வாய்க்காலை அடைத்தாற் பயிர் வாடுவது போல, இப்புதுக் குழாய்களைத் தடுத்தாற் கட்டி அடங்கும் என்று 1971 இல் போக்மன் எழுதினார். பலர் அதனை நம்பவில்லை. கட்டியைச் சுற்றிக் காணும் குழாய்கள் வெறும் அழற்சியின் விளைவென்றனர். ஆயினும் குருதிக்குழாயின் உள்வரிக் கலங்களை வளரத் தூண்டும் புரதம் 1989 இல் இனங்காணப்பட்டபின் ஐயம் படிப்படியாக நீங்கியது.

வாய்க்கால் நீரைக் கொண்டுவருவது மட்டுமன்று, கொண்டுபோகவும் செய்யும். புதுக்குழாய்கள் வளைந்தும் கசிந்தும் செம்மையற்றும் கிடப்பன. அவற்றினூடே புற்றுநோய்க் கலங்கள் குருதியிற் கலந்து தொலைவுக்குச் செல்லலாம். எனவே குழாய் மிகுந்த கட்டி பரவும், குறைந்த கட்டி பரவாது என எதிர்பார்ப்பது நியாயமாகவே தோன்றியது. 1991 இல் நோயல் வைட்னரும் போக்மனும் மார்புப் புற்றுநோயிலே அவ்வாறே கண்டதாக வெளியிட்டனர். அடுத்த ஆண்டில் இத்தாலியின் பீசா நகரத்தார், சத்திரசிகிச்சை பெற்ற நுரையீரற் புற்றுநோயிலும் அதனையே கண்டதாக லான்செற் சஞ்சிகையில் எழுதினர். பீசா, மல்பீகி ஒருகாற் பேராசிரியராக இருந்த நகரம். அதைப் படித்த இரவு எமக்கு உறக்கம் வரவில்லை. தவளையின் நுரையீரலில் அவர் கண்ட மயிர்க்குழாயே இனி மனிதனின் ஆயுளை அளக்கும் முழக்கோல் ஆயிற்று என எண்ணி மகிழ்ந்தோம்.

முறை எளிது. குருதிக்குழாயின் உள்வரிக் கலங்களை மட்டும் பற்றும் பிறபொருளெதிரியைச் சீவலில் இட்டு, குழாய்களைக் கபில நிறமாக்க வேண்டும். சிறிய உருப்பெருக்கத்திற் கட்டி முழுவதையும் துழாவி, குழாய்கள் மிக நெருங்கிய இடத்தைத் தெரிய வேண்டும். பின் 200 மடங்கு உருப்பெருக்கத்தில் எண்ண வேண்டும். எமது நிலையத்தில் மெழுகிற் பதித்து வைத்திருந்த பழைய கட்டிகளை எடுத்து, வேலை முடிந்தபின் நள்ளிரவு வரை எண்ணினோம். சராசரியைப் பார்க்குமிடத்து, மிகுந்த எண்ணிக்கை பெற்றோர் விரைவில் இறந்ததாகவே எமக்கும் தோன்றிற்று.

1994 இல் எம் தோழருக்கு இடது நுரையீரலின் மேற்சோணை அகற்றப்பட்டது. கால் நூற்றாண்டாகச் சிகரெட்டைக் கைவிடாதவர். கட்டி சிறியது, நிணநீர்க்கணுக்களில் ஒன்றுமில்லை. வழுக்கிகள் இரண்டாம் அபிப்பிராயத்துக்காக எம்மிடம் வந்தன. நோயின் பெயரை மட்டும் உறுதி செய்து திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். யாம் எண்ணினோம். எண்ணிக்கை எமது பட்டியலின் மேல் வரிசையில் விழுந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குச் சென்றோம். மனைவியார் தேநீர் எடுக்கச் சென்ற வேளையில் அவர் குரலைத் தாழ்த்தி, "மச்சான், என்ரை துண்டையும் எண்ணினனியாம். எத்தினை வந்தது?" என்று கேட்டார். தவளைச் சவ்வை எண்ணிய அதே தோழமையின் குரல். பொய் சொல்ல நா எழவில்லை. "கூடத்தான். வீட்டு அலுவல்களைப் பின்போடாதை" என்றோம். அவர் மேலும் ஒன்றும் கேட்கவில்லை.

அவர் மூத்த மகளுக்கு அவ்வாண்டு ஸ்கொட்லாந்திலே மருத்துவம் பயில இடம் கிடைத்திருந்தது. தம் நாள்கள் எண்ணப்பட்டன என்று நம்பிய தந்தையார் பிள்ளையை அருகில் இருக்கச் சொன்னார். பிள்ளையும் மறுக்காமல், வீட்டுக்குப் பக்கத்து வங்கியொன்றில் வேலைக்கு அமர்ந்தார். தோழர் வேலையை விட்டார். காணியைப் பிள்ளைகள் பேரில் எழுதினார். ஊருக்கு ஒருமுறை போய்வருவோம் என்ற பேச்சையும் நிறுத்தினார். இவ்வாறு அவர் இறப்பதற்கு ஆயத்தமாகி இருந்தார். ஓராண்டு சென்றது. மூன்றாண்டு சென்றது. ஐந்தாம் ஆண்டுப் பரிசோதனையிலும் நோயின் சுவடு இல்லை. தைப்பொங்கல் தோறும் தொலைபேசியில் எம்மை அழைத்து, "மச்சான், உன்ரை கணக்கு இன்னும் முடியேல்லையே?" என்று சிரிப்பார். யாமும் சிரிப்போம். எமது சிரிப்பு தொண்டைக்குக் கீழே இறங்கியதில்லை.

இதற்கிடையில் எம்மிலும் கூரிய கண்ணுடையோர் உண்மையை ஆராய்ந்துகொண்டிருந்தனர். 1997 இல் ஒக்ஸ்போட்டைச் சேர்ந்த பிரான்செஸ்கோ பெசெல்லா குழுவினர், ஆரம்ப நிலையிலுள்ள 500 நுரையீரற் புற்றுநோய்களைப் பார்த்ததில், ஏறக்குறைய ஆறில் ஒன்றில் புதிய குழாய் முளைத்ததற்கான அடையாளமே இல்லை எனக் கண்டனர். அக்கட்டிகளில் நோய்க்கலங்கள் நுரையீரலின் சிற்றறைகளை நிறைத்து, சிற்றறைச் சுவர்களில் ஏற்கெனவே உள்ள மயிர்க்குழாய்களைத் தமக்காக்கிக்கொண்டு வளர்ந்தன. இதனை முன்னரே சிந்தித்திருக்க வேண்டாமா? நுரையீரல், கோடிக்கணக்கான சிற்றறைகளைச் சுற்றி மயிர்க்குழாய் வலை பின்னிய உறுப்பு. பிற இடங்களிற் கட்டி வாய்க்கால் வெட்ட வேண்டும். குளக்கட்டின் கீழே பயிரிடுவோனுக்கு வாய்க்கால் எதற்கு? யாம் எண்ணிய குழாய்களுட் கட்டி வளர்த்தது எது, நுரையீரல் தன் பிறப்பிலே கொண்டது எது என்று கபில நிறம் எமக்குச் சொல்லவில்லை.

2002 இல், அச்சில் வந்த ஆய்வுகளின் முடிவுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், குழாய் மிகுதி தீய அறிகுறியே என்றனர். 2007 இல் வேறொரு குழுவினர், அச்சிட்ட முடிவுகளை மட்டும் நம்பாமல், பல நிலையங்களிலிருந்து ஒவ்வொரு நோயாளரின் விபரத்தையும் தனித்தனியே வரவழைத்து, சத்திரசிகிச்சை பெற்ற 2,500 பேருக்கு மேற்பட்டோரை ஒருங்கே கணித்தனர். அக்கணிப்பில், குழாய்களின் எண்ணிக்கை ஆயுளை முன்னுரைக்கும் குறியாக நிலைபெறவில்லை. வெற்றி கண்ட சிறு ஆய்வுகள் அச்சேறுவதும், வெறுங்கையாய் முடிந்தவை மேசை லாச்சியில் உறங்குவதும் உலக வழக்கு. ஒவ்வொருவரும் வெவ்வேறு இடத்தைத் தெரிந்து, வெவ்வேறு எல்லைக்கோட்டை வகுத்தமையும் அதனோடு சேர்ந்தது. 9 என்றும் 14 என்றும் வாதிட்ட இரு மாணவர், நரைத்த தலையுடன் உலகெங்கும் இருந்திருக்கின்றனர்.

இதனால் போக்மனின் கருத்துப் பொய்த்ததென இளைஞர் எவரும் எண்ணற்க. புதுக்குழாயைத் தூண்டும் புரதத்தைத் தடுக்கும் பெவசிசுமாப் என்னும் மருந்து 2004 இல் அமெரிக்காவிற் பெருங்குடற் புற்றுநோய்க்கு அனுமதி பெற்றது. பரவிய நிலையிலுள்ள நுரையீரற் புற்றுநோயின் ஒரு பிரிவினருக்கு அதனை ஏனைய மருந்துகளோடு சேர்த்துக் கொடுத்தபோது, நடுத்தர ஆயுள் 10.3 மாதங்களிலிருந்து 12.3 மாதங்களாக உயர்ந்ததென 2006 இல் அறியப்பட்டது. அதே புரதத்தைத் தடுக்கும் ஊசிகளைக் கண்ணிற் பெற்று, இம்மலரை இன்று வாசிக்கும் பார்வையைக் காத்துக்கொண்ட மூத்த பழைய மாணவரும் எம்மிடையே இருக்கக் கூடும். ஆயின் நுரையீரற் கட்டியை வெட்டியகற்றிய 1,501 பேரை வைத்து நடத்திய பரிசோதனையில், அம்மருந்தைச் சேர்த்ததால் ஆயுள் நீளவில்லை என்று 2017 இல் வெளிவந்தது. கருத்து ஒன்று உண்மையாயிருந்தும், அதிலிருந்து யாம் இழுத்த நூல் ஒவ்வொன்றும் உண்மையாதல் வேண்டியதில்லை. இன்றும் சத்திரசிகிச்சையின் பின் முன்னுரைக்க உதவுவன முதன்மையாக, கட்டியின் பருமன், நிணநீர்க்கணுவின் நிலை, முற்றாக அகற்றப்பட்டதா என்பது ஆகிய பழைய அறிகுறிகளே. அவைகூடப் பலரைப் பற்றிப் பேசுவன. நூறு பேரில் இத்தனை பேர் என்று கூறுமேயன்றி, எம் முன்னே அமர்ந்து தேநீர் அருந்தும் ஒருவரைப் பற்றி அவை உறுதி கூறமாட்டா.

தோழர் 2011 இல், சத்திரசிகிச்சைக்குப் பதினேழு ஆண்டுகளின் பின், மாரடைப்பினாற் காலமானார். நுரையீரலில் நோய் திரும்பவே இல்லை. ஈமக்கிரியைகள் முடிந்த மாலையில் மூத்த மகள் எம்மருகில் வந்தமர்ந்தார். "மாமா, அண்டைக்கு அப்பாவுக்கு என்ன சொன்னனீங்கள்?" என்று கேட்டார். ஒளிக்காது சொன்னோம். அவர் சிறிது நேரம் கையைப் பார்த்தபடி இருந்துவிட்டு, "அப்ப எண்ணினது பிழையே?" என்றார். "எண்ணினது பிழையில்லைப் பிள்ளை. சொன்னதுதான் பிழை" என்றோம். அவர் எம்மை நோகவில்லை. சாப்பிட்டுவிட்டுப் போகும்படி மட்டும் கேட்டுக்கொண்டார். அந்த உணவு எமக்கு இறங்கவில்லை.

எமது வகுப்பிற் பலர் புகையிலைக் காசிற் படித்தவர்கள். தோழரின் தந்தையார் செம்மண்ணிற் புகையிலை நட்டு, சுருட்டுக்கு விற்று, மகனின் கல்லூரிக் கட்டணத்தைக் கட்டியவர். அத்தோட்டங்களை யாம் இகழோம். ஆயினும் இன்று கல்லூரியிற் பயிலும் தம்பிமாருக்கு, ஆயிரக்கணக்கான நுரையீரல்களை வெட்டிப் பார்த்த கிழவனாகிய யாம் கூறத்தக்கது ஒன்றுண்டு: பற்றவைக்காதீர்கள். எண்ணிக்கை எதனையும் நம்பாத எமக்கும், இந்த ஒன்றிலே ஐயமில்லை.

உங்களுள் வைத்தியராக வரவிருப்போர் இன்னுமொன்றையும் மனத்திற் கொள்க. நாளை உங்கள் கையில் எம் காலத்திலும் நுண்ணிய அளவுகோல்கள் இருக்கும். அளவுங்கள், அதுவே கல்வி. ஆயின் அளந்ததை மனிதரிடம் கூறுமுன், எந்த இடத்தை அளந்தீர்கள், எத்தனை பேரில் அளந்தீர்கள், உங்கள் சொல்லால் எவர் வீட்டில் எந்தக் கதவு அடைபடும் என்று ஒருகணம் நின்று கேளுங்கள். தெரியாததைத் தெரியாதெனக் கூறுதல் இழுக்கன்று. அதனை எமது ஆசான் 1966 இல், ஒரு தவளையை வைத்துக்கொண்டு, மணியடிக்குமுன் கூறி முடித்தார். எமக்கு விளங்க முப்பது ஆண்டுகளுக்கு மேல் சென்றது.

அவ்வாசானையும் அவ்வாய்வுகூடத்தையும் எமக்களித்த கல்லூரி அன்னை நீடூழி வாழ்க.